பம்மல் தந்த பேசும்படங்கள்: அன்றும் இன்றும்

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் இருக்கிறது பம்மல். இன்று அது தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. செங்கல்பட்டு மாவட்டத்தின் வட ஓரத்தில், அடுக்குமாடிகளும் தோல் பதனிடும் ஆலைகளும் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஊர். பம்மல் என்றதும் இளைஞர்கள் பலருக்கு 2002இல் கமல்ஹாசன் நடித்து வந்த ‘பம்மல் கே. சம்பந்தம்’ ஞாபகம் வரும். அந்தத் தலைப்புக்குப் பின்னால் நிஜமான ஒரு சம்பந்தம் இருந்தார் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பம்மல் சம்பந்த முதலியார், 1873இல் பிறந்து 1964இல் மறைந்தவர். பிறந்து வளர்ந்தது சென்னையில் என்றாலும் பூர்வீக ஊரின் பெயரைக் கடைசி வரை தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். வழக்கறிஞராக இருந்து, பிறகு சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நீதிபதியானவர். நாடகக்காரர் என்றால் ‘கூத்தாடி’ என்று முகம் சுளித்த காலத்தில், 1891இல், நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்களும் உத்தியோகத்தில் இருந்தவர்களும் அரிதாரம் பூசி மேடையேறினார்கள். பாட்டுக்குப் பாட்டு என்று நகர்ந்த தமிழ் நாடகத்துக்குள் உரைநடைப் பேச்சு வந்தது. ‘ஹாம்லெட்’ அவர் கையில் ‘அமலாதித்யன்’ ஆயிற்று. வெனிஸ் நகரத்து வணிகன் ‘வாணீபுர வணிகன்’ ஆனான்.

நாடகத் தந்தை என்று அவரைப் பாடப் புத்தகம் சொல்லும். தமிழ்ப் பேசும்படம் தவழ்ந்து நடை பழகிய நாளில் அது பற்றிக்கொண்ட கைகளில் ஒன்று அவருடையது என்பதைச் சொல்லாது. அந்தக் கதையைச் சொல்ல வேண்டிய முதல் உரிமை செங்கல்பட்டு மாவட்டத்துக்கு உண்டு.

நாடகமே படமான காலம்

தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’. எச்.எம்.ரெட்டி இயக்க, டி.பி.ராஜலட்சுமி நடித்து, 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. எடுத்தது பம்பாயில். சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டுடியோ வருவதற்கு 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை தமிழ் நடிகர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிப் போய் நடித்துவிட்டு வந்தார்கள்.

படத்துக்குக் கதை வேண்டும். பேசவும் பாடவும் தெரிந்தவர்கள் வேண்டும். இரண்டும் கைவசம் இருந்த ஒரே இடம் நாடக மேடை. அதனால் முதல் பத்தாண்டுப் படங்களில் பெரும்பாலானவை மேடையில் நூறு முறை ஆடி ஊருக்கெல்லாம் மனப்பாடமான நாடகங்கள்தாம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்களும் அந்த வரிசையில் வந்தன. 1934இல் ‘சதி சுலோசனா’, 1935இல் ‘ரத்னாவளி’, 1936இல் ‘மனோகரா’, 1941இல் ‘சபாபதி’, 1948இல் ‘வேதாள உலகம்’. ‘மனோகரா’வில் அரசன் புருஷோத்தமனாக அவரே நடித்தார். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், தனக்குச் சற்றும் பழக்கமில்லாத கேமராவின் முன் நின்றார். நின்றதோடு விடவில்லை; தன் பேசும்பட அனுபவங்களைத் தனியாக ஒரு நூலாகவும் எழுதி வைத்தார்.

‘மனோகரா’ என்றதும் நமக்குக் கண்ணுக்குள் வருவது 1954ஆம் ஆண்டுப் படம். சங்கிலியால் பிணைத்து அரசவைக்கு இழுத்து வரப்படும் சிவாஜி கணேசன், கருணாநிதியின் வசனம், தாய் பத்மாவதியாகக் கண்ணாம்பாவின் குரல். எல்.வி.பிரசாத் இயக்கிய அந்தப் படம் இன்றும் தொலைக்காட்சியில் ஓடுகிறது. அதற்கு அடியில் இருக்கும் நாடகமும் அச்சில் கிடைக்கிறது. தகப்பன் வேறொருத்தியின் பிடியில் இருக்கிறான். தாய்க்குக் கொடுத்த வாக்கு மகனின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்த நாடகத்தில் சங்கிலிக் காட்சியில் நடிக்க ஆசைப்படாத மேடை நடிகன் அன்று இல்லை.

1895இல் மேடையேறிய நாடகத்துக்கும் 1954ஆம் ஆண்டுப் படத்துக்கும் நடுவில் இருப்பது 1936ஆம் ஆண்டு ‘மனோகரா’. வி.ஏ.செல்லப்பா மனோகரனாக நடித்தார். எழுதியவரே எதிரில் அரசனாக நிற்க, அந்தச் சங்கிலிக் காட்சியைச் செல்லப்பா எப்படிப் பேசினார்? மேடைக் குரலிலேயே உரக்கச் சொன்னாரா, மைக் இருக்கிறது என்று தணித்துக்கொண்டாரா? எழுதியவர் மனத்தில் புருஷோத்தமன் எப்படிப்பட்ட மனிதன், கல் நெஞ்சனா, தடுமாறுகிறவனா? இதையெல்லாம் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அந்தப் படம் நமக்கு வைத்திருந்தது. அந்தப் படம் இன்று காணக் கிடைக்கவில்லை. ‘காளிதாஸ்’ இல்லை. டி.பி.ராஜலட்சுமி தானே இயக்கிய ‘மிஸ் கமலா’வும் இல்லை. முதல் பத்தாண்டில் தமிழில் வந்த படங்கள் இருநூற்றுக்கும் மேல். அவற்றில் இன்று பார்க்கக் கிடைப்பவை மிகச் சில.

மணல் தரையும் பாட்டுப் புத்தகமும்

பட்டணத்துத் திரையரங்குகளில் ஓடி முடித்த படம் அடுத்தபடியாக இந்தப் பக்கம்தான் வரும். படப்பெட்டி ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கும். செங்கல்பட்டு, மதுராந்தகம், திருப்போரூர், திருக்கழுக்குன்றம், கடலோரம் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று நீளும் இந்தச் சீமையின் கிராமத்து மக்கள் சினிமாவை முதலில் கண்டது டூரிங் டாக்கீஸில்தான்.

டென்ட் கொட்டகையின் சட்டதிட்டம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பகலில் மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மேளம் அடித்தபடி தெருத் தெருவாக நோட்டீஸ் போடுவார்கள். பொழுது சாய்ந்ததும் ஒலிபெருக்கியில் சாமிப் பாட்டு கேட்கும். அதைக் கேட்டுத்தான் அக்கம்பக்கத்துக் கிராமங்களில் உலையை இறக்கிவிட்டுக் கிளம்புவார்கள். உள்ளே மணல் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு தடுப்பு. தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்வார்கள். பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார். இருப்பது ஒரே புரொஜக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். முறுக்கும் வேர்க்கடலையும் சோடாவும் விற்றுத் தீரும்.

வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கமும் எல்லாப் பாட்டுகளும் இருக்கும். 1934இல் வந்த ‘பவளக்கொடி’யில் மட்டும் ஐம்பது பாட்டு என்பார்கள். எம்.கே.தியாகராஜ பாகவதர் அறிமுகமான படம் அது. படம் ஊரை விட்டுப் போன பிறகும் புத்தகம் வீட்டில் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை படிக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். ஒரு படத்தை மாதக்கணக்கில் வாயில் வைத்திருந்த ரசிகர்கள் அவர்கள்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில், கானத்தூரில், மாயாஜால் வளாகத்தில் மட்டும் 16 திரைகள் இருக்கின்றன. குளிரூட்டிய அரங்கு, சாய்மான இருக்கை, காதைச் சுற்றி ஒலி. படம் பெட்டியில் வருவதில்லை. கணினிக் கோப்பாக வருகிறது. ரீல் அறுவதில்லை, கோடு விழுவதில்லை. வசதியில் எங்கோ போய்விட்டோம், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வருத்தம் வேறு. 16 திரை இருந்தும் அந்த முதல் பத்தாண்டில் வந்த படம் ஒன்று அவற்றில் ஓடி நாம் பார்த்ததில்லை.

எப்படிப் பார்ப்பது?

‘பழைய படமா? ஒரே பாட்டு, ஒரே இழுவை’ என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். படத்தின் மேல் பிழையில்லை. பார்க்கும் வழியை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

முப்பதுகளில் நடிப்பு, பேச்சு, பாட்டு, வாத்தியம் எல்லாம் ஒரே நேரத்தில் பதிவாயின. கேமரா ஓடும் சத்தம் மைக்கில் விழக் கூடாது என்று அதை மூடிப் பொத்தி ஓரிடத்தில் நிறுத்துவார்கள். மைக் தலைக்கு மேல் தொங்கும். நடிகர் அதை விட்டு விலகினால் குரல் போய்விடும். ஹார்மோனியக்காரரும் தபலாக்காரரும் காட்சிச் சட்டகத்துக்கு வெளியே, கண்ணில் படாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு காக்கை கரைந்தாலும் காட்சியை மறுபடி எடுக்க வேண்டும். கேமரா நகராமல் நிற்பதற்கும், நடிகர்கள் ஒரே இடத்தில் வரிசையாக நின்று பேசுவதற்கும் காரணம் இதுதான். ரசனைக் குறைவு என்று அதைத் தள்ளிவிட முடியாது. பின்னணி பாடும் முறை தமிழில் 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்களில் ஒருவர் பாடுவதைப் பார்க்கிறோம் என்றால், அந்த நொடியில் அந்த உடலிலிருந்து வந்த குரலையே கேட்கிறோம். மூச்சு வாங்குவது தெரியும். சுருதியை எட்டிப் பிடிப்பது தெரியும். இன்றைய படத்தில் எவ்வளவு பணம் கொட்டினாலும் கிடைக்காத ஒன்று இது.

சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.வி.மெய்யப்பனும் ஏ.டி.கிருஷ்ணசாமியும் இயக்கி 1941 டிசம்பரில் வந்தது. நல்லவேளையாகத் தப்பிப் பிழைத்து இணையத்திலும் கிடைக்கிறது. படிப்பு ஏறாத பணக்கார வீட்டுப் பிள்ளையாக டி.ஆர்.ராமச்சந்திரன். அவர் பெயர் சபாபதி. வேலைக்காரனின் பெயரும் சபாபதி. அது காளி என்.ரத்தினம். எஜமான் சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுக்கிறவன். இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளில் கேமரா பெரும்பாலும் தள்ளியே நிற்கிறது. இரண்டு பேரின் உடம்பும் நன்றாகத் தெரிகிறது. ராமச்சந்திரன் கண்ணை உருட்டி ஒரு கட்டளை போடுகிறார். ரத்தினம் அதை வாங்கிக்கொண்டு, ஒரு கணம் யோசிக்கிற மாதிரி நின்று, பிறகு நகர்கிறார். அந்த ஒரு கண நிறுத்தத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. நடுவில் வெட்டி ரத்தினத்தின் முகத்தை மட்டும் கிட்டத்தில் காட்டியிருந்தால் அது போயிருக்கும். பாய்ஸ் நாடகக் கம்பெனியில் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் ரத்தினம். மேடையில் ஆயிரம் இரவுகள் எதிரில் உட்கார்ந்திருந்த கூட்டம் அவருக்குக் கற்றுக் கொடுத்த நிதானம் அது. மேடை நடிப்பு கேமராவுக்கு இடம் மாறிய விதத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல சான்று கிடையாது.

இன்னொன்று ‘தியாகபூமி’. கே.சுப்ரமண்யம் இயக்கி 1939இல் வந்தது. கல்கி எழுதிய கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஓவியங்களுக்குப் பதில் படத்தின் காட்சிகளையே போட்டார்கள். மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு இருந்தபோது தோன்றிய எண்ணத்தைப் பின்னாளில் ‘சிவகாமியின் சபதம்’ ஆக்கிய அதே கல்கிதான். சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன், மகள் சாவித்திரியாக எஸ்.டி.சுப்புலட்சுமி. கைவிட்ட கணவன் மனைவி தன்னோடு வாழ வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போகிறான். வேண்டுமானால் நான் அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்று சாவித்திரி சொல்கிறாள். 1939இல், அக்ரகாரத்துப் பெண் பாத்திரம் ஒன்று கூண்டில் நின்று அப்படிப் பேசுகிறது. சாதி ஒழிப்பையும் காங்கிரஸ் இயக்கத்தையும் பேசியதற்காக 1940இல் பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்தது. அதன் பிரதி தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருப்பதால்தான் இந்தத் துணிச்சலை நாம் பார்க்க முடிகிறது.

போனது எப்படி?

இந்தப் படங்களை அழிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அன்றைய படச்சுருள் நைட்ரேட்டில் ஆனது. எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாவிட்டாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்து, ஒட்டிக்கொண்டு, கடைசியில் பொடியாக உதிரும். நம் கடலோரக் காற்றைவிட அதற்கு எதிரி வேறில்லை. ஒரு படத்துக்கு எடுத்த பிரதிகளும் கொஞ்சம். அவை பட்டணத்தில் தேய்ந்து, பிறகு குறைந்த வாடகைக்கு டூரிங் கொட்டகைகளுக்கு வந்து, அறுந்து ஒட்டி, ஒட்டி அறுந்து, பல்லெல்லாம் போன பிறகு எடைக்குப் போயின. சுருளில் இருந்த வெள்ளியைப் பிரித்தெடுக்கக் கிலோ கணக்கில் வாங்கிப் போனார்கள். மக்கள் கொண்டாடிப் பார்த்த படம் என்றால் இன்னும் சீக்கிரம் தேய்ந்தது.

காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கு வந்து புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964இல். பம்மல் சம்பந்த முதலியார் காலமானதும் அதே ஆண்டில்தான். காப்பகத்துக்காகப் பி.கே.நாயர் ஊர் ஊராக அலைந்து பெட்டி பெட்டியாகச் சேர்த்தார். ஆனால் அதற்குள் முப்பதுகளின் படங்களில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. சேர்த்ததிலும் ஒரு பங்கு 2003இல் புனேயில் நைட்ரேட் சுருள்கள் எரிந்த விபத்தில் போயிற்று.

படங்கள் போன இடத்தில் காகிதம் நின்றது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த தகவல்களும் புகைப்படங்களும், தியடோர் பாஸ்கரனின் ஆய்வுகளும், ராண்டார் கையின் கட்டுரைகளும், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் காக்கப்படும் பாட்டுப் புத்தகங்களும் இல்லையென்றால் பல படங்கள் வந்தன என்பதே நமக்குத் தெரியாது. சம்பந்த முதலியாரும் இதில் கெட்டிக்காரர். தன் நாடகங்களை அச்சடித்து வைத்தார். அதனால் நாடகங்கள் இன்று கணினித் திரையில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. அச்சுக்குப் போனது நின்றது. சுருளுக்குப் போனதில் பெரும்பகுதி போயிற்று.

பல்லாவரம் குகை சொல்வது

பம்மலிலிருந்து சிறிது தூரத்தில், பல்லாவரத்தில், முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகை இருக்கிறது. அவனுடைய பட்டப்பெயர்களை அங்கே பொறித்திருக்கிறார்கள். அந்த அரசன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவன். ஏழாம் நூற்றாண்டில், காஞ்சியில் நடப்பதாக எழுதிய அந்த வடமொழி நாடகம் நமக்கு எப்படிக் கிடைத்தது? கல்லில் வெட்டி வைத்ததால் அல்ல. கேரளத்துச் சாக்கியார்கள் அதைக் கோயில்களில் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஆடுவதற்காக ஏட்டில் படி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த ஏடுகளிலிருந்து 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சாயிற்று.

மாமல்லபுரத்துக் கற்றளிகளை 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தொல்லியல் துறை வேலி போட்டுக் காவல் வைத்திருக்கிறது. கல்லுக்கு அது போதும். நாடகத்துக்கும் படத்துக்கும் போதாது. அவற்றைப் படி எடுக்க வேண்டும், அதைவிட முக்கியமாக, ஆட வேண்டும், ஓட்ட வேண்டும், உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்க்க ஆள் இருக்கிற படத்துக்குத்தான் புதுப் பிரதி எடுக்கப் பணம் வரும். 1964ஆம் ஆண்டுப் படமான ‘கர்ண’னை 2012இல் டிஜிட்டலில் செப்பனிட்டு வெளியிட்டபோது கூட்டம் அலைமோதியது. 2024இல் ‘கில்லி’க்கும் அதேதான் நடந்தது. மக்கள் வர மாட்டார்கள் என்பது பொய்.

இந்த மாவட்டத்துக்கு என்று சில வேலைகள் இருக்கின்றன, எதுவும் பெரிய செலவு பிடிக்காதவை. நம் நாட்டில் திரைப்படத்தின் பதிப்புரிமைக் காலம் 60 ஆண்டு. 1941ஆம் ஆண்டுப் படத்துக்கு அது முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பம்மலில் ஒரு பள்ளியோ நூலகமோ ஆண்டுதோறும் பிப்ரவரி 1 அன்று, சம்பந்த முதலியாரின் பிறந்த நாளில், ‘சபாபதி’யைத் திரையிடலாம். பார்ப்பதற்கு முன் நாடகத்திலிருந்து இரண்டு காட்சிகளைப் பிள்ளைகளை விட்டு நடிக்கச் சொல்லலாம். மேடையில் எப்படி, கேமரா முன் எப்படி என்று அவர்களே கண்டுகொள்வார்கள். தாம்பரம், செங்கல்பட்டுக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் ‘மனோகரா’ நாடகத்தையும் 1954ஆம் ஆண்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடமாக்கலாம். முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவின் திறந்தவெளியில் ஓர் இரவு வெள்ளைத் துணி கட்டி ‘தியாகபூமி’ ஓட்டலாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் யாராவது டூரிங் டாக்கீஸ் நடத்தியிருந்தால், ஆபரேட்டராக இருந்திருந்தால், பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கக்கூடும். பழைய சுருள் தென்பட்டால் எடைக்குப் போடாதீர்கள். நெருப்பு, வெயில் பக்கம் கொண்டுபோகாதீர்கள், நீங்களாகப் பிரித்தும் பார்க்காதீர்கள். புனே ஆவணக் காப்பகத்துக்கோ ஃபிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷனுக்கோ தகவல் சொல்லுங்கள். பாட்டுப் புத்தகமோ நோட்டீஸோ இருந்தால் ரோஜா முத்தையா நூலகத்துக்குக் கொடுங்கள்.

பெட்டி இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து ‘சபாபதி’யைப் பாருங்கள். முதல் இருபது நிமிடம் பொறுமையாக இருந்தால் போதும். பிறகு காளி ரத்தினம் பார்த்துக்கொள்வார். 1936ஆம் ஆண்டு ‘மனோகரா’வை நாம் இழந்துவிட்டோம். மிஞ்சியிருக்கும் படங்களைப் பார்க்க ஆளில்லாமல் போனால், அவற்றையும் இழந்த பழி நம் தலைமுறை மேல்தான் விழும்.